மறியலில் ஏடு தொடக்கிய நாள்

பச்சையரிசியைச் சுளகில் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். வவுனியாக் கடைகளில் இப்போது கல்லே இல்லாத அரிசி பையில் கிடைக்கிறது என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் பூவரசங்குளத்திலிருந்து ஒருவர் தன் வயல் நெல்லைக் குற்றிக் கொண்டுவந்து தருவார். அதை வாங்கி, முதுகு நோக நோகப் பொறுக்கினால்தான் எனக்குத் திருப்தி. பக்கத்தில் மகள் கதிரையில் காலைத் தூக்கி வைத்தபடி தொலைபேசியைப் பார்த்துப் பேசிப் பழகிக்கொண்டிருந்தாள். பல்கலைக்கழகத்தில் விவாதமாம். மறியலில், அதாவது சிறையில் இருப்பவர்களுக்குப் படிப்பித்தால் குற்றம் குறையுமா குறையாதா என்பது தலைப்பு. இவள் குறையும் என்கிற பக்கம்.

“அம்மா, நீங்கள் என்ன நினைக்கிறியள்?” என்றாள்.

நான் ஒரு கை அரிசியை அள்ளி மணந்து பார்த்தேன். புது அரிசிக்கு மழை நின்ற வயலின் வாசம். பழைய நெல்லுக்கு வேறு வாசம், தும்மல் வரவைக்கிற வாசம். அந்த இரண்டாவது வாசம் மூக்கில் இல்லாமலே வந்து, விசுவமடுப் பக்கத்து நெற்களஞ்சியம் ஒன்றின் பெரிய மரக்கதவைத் திறந்துவிட்டது. “பிறகு சொல்லுறன்” என்று மகளைச் சமாளித்தேன். அவளுக்கு மூன்று நிமிஷத்துக்குள் பதில் வேண்டும். உங்களுக்கு அந்த அவசரம் இருக்காது என்று நம்பித்தான் இதைச் சொல்லத் தொடங்குகிறேன்.

அந்தக் களஞ்சியம்தான் அப்போது எங்கள் பகுதியின் மறியல். பொருளாதாரத் தடையால் சீமெந்து ஒரு பைகூட வன்னிக்குள் வராத தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. புதிதாக மறியல் கட்ட ஆருக்கு வசதி? நெல் இருந்த இடத்தில் இயக்கக்காரர் ஆட்களை வைத்தார்கள். சுவரெல்லாம் பழைய மூட்டைக் கணக்குகள் கரியால் எழுதிக் கிடந்தன. தகரக் கூரையில் ஓட்டைகள். மத்தியானத்தில் அவற்றின் வழியாக வெயில் குச்சி குச்சியாக இறங்கும். அதற்குள் உமித்தூசி மேலும் கீழுமாகப் போய்வரும். நெல் போய் வருஷக்கணக்காகியும் குருவிகள் மட்டும் அந்த இடத்தை விட்டுப் போகவில்லை. பாடம் நடக்கும்போது எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தும்மல் வரும், பிறகு எல்லோரும் சிரிப்பார்கள். அங்கே இருந்தவர்களை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்தத் தும்மல்தான். அவர்கள் செய்த குற்றமெல்லாம் பிறகுதான் வரும்.

நான் எப்படி அங்கே போனேன்? யாழ்ப்பாணத்தை விட்டு வந்து, பல்கலைக்கழகமும் கிடைக்காமல், பள்ளிக்கூடத்தில் தொண்டர் ஆசிரியையாகச் சேர்ந்திருந்தேன். சம்பளம் என்று ஒன்று இல்லாத உத்தியோகம். ஆனால் சேலை கட்டலாம். ஒருநாள் மறியல் பொறுப்பாளர் பள்ளிக்கூடத்துக்கு வந்து, பின்னேரங்களில் எழுத்துப் படிப்பிக்க ஒரு ஆள் வேண்டும் என்றார். நான் கையை உயர்த்தினேன். மனிதர்களைத் திருத்தப்போகிறேன் என்ற பெருமை எனக்கு. முதல் நாளே அவர் அதை இறக்கிவைத்தார்.

“தங்கச்சி, படிப்பிச்சால் திருந்துவினம் எண்டு நான் சொல்லேல்லை. சும்மா இருக்க விட்டால் சண்டை பிடிக்கினம். அதுக்குத்தான்.”

நான் தங்கியிருந்தது பெரிய ரீச்சரின் வளவில், ஒரு கொட்டிலில். பெரிய ரீச்சர் எங்கள் பள்ளிக்கூடத்தின் அதிபராக இருந்து இளைப்பாறியவர். தனி ஆள். குடியேற்றம் தொடங்கிய காலத்தில் தாய்தகப்பனோடு வந்து காடு வெட்டினவர். ஊரில் அவாவுக்குப் பயப்படாத ஆள் இல்லை, என்னையும் சேர்த்து. அவாவிடம் செங்காரி என்று ஒரு பசு இருந்தது. சிவப்பும் கறுப்பும் கலந்த நிறம், சாதுவான கண். அதன் பாலில்தான் எனக்கும் காலையில் தேத்தண்ணி. அந்தச் செங்காரி ஒருநாள் பட்டியில் இல்லை. நாங்கள் இருவரும் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறுந்தேத்தண்ணி குடித்தோம். ரீச்சர் பால்செம்பைக் கழுவிக் கவிழ்த்து வைத்தா.

மாட்டைக் கொண்டுபோனவன் சிவலிங்கம். பிடிபட்டு, விசாரித்து, ஆறு மாதம் என்று தீர்ப்பாகி, அதே களஞ்சியத்தில் இருந்தான். நான் படிப்பிக்கப் போன வகுப்பில் முதல் வரிசை. இதை நான் வீட்டில் சொன்னபோது ரீச்சர் சோற்றைப் பிசைந்த கையை எடுக்காமலே கேட்டா.

“கள்ளனுக்குப் படிப்போ? படிக்காதவன் ஒரு மாடுதான் களவெடுப்பான். படிச்சவன் பட்டியையே தன்ரை பேரிலை எழுதிப்போடுவான்.”

நான் குழம்பை அவா பக்கம் தள்ளிவைத்தேன். அந்தக் கேள்வி இன்றைக்கும் என்னோடு இருக்கிறது.

வகுப்பின் முதல் நாள் நான் உடைந்த சிலேற்றுத் துண்டுகளைக் கொடுத்து, “அ எழுதுவம்” என்றேன். சிவலிங்கம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். நாற்பது தாண்டிய மனிதன், தலை நரைக்கத் தொடங்கியிருந்தது.

“எனக்கு ஏடு தொடக்கேல்லை, சின்ன ரீச்சர்.”

“அதுக்கென்ன?”

“ஏடு தொடக்காமல் எழுத்தைத் தொடக்கூடாது. அப்பர் என்னை மாட்டோடை காட்டுக்கை விட்டிட்டார். ஒருத்தரும் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போகேல்லை. ஆரும் என்ரை கையைப் பிடிச்சு அரிசியிலை எழுதுவிச்சால்தான் நான் எழுதுவன்.”

எங்கள் ஆட்களைப் பாருங்கள். அடுத்தவன் மாட்டை அவிழ்க்க நாளும் கோளும் பார்க்காத மனிதன், ‘அ’ எழுத விஜயதசமி வரவேண்டும் என்கிறான்! நான் சிரித்திருக்கக் கூடாது, சிரித்துவிட்டேன். ஆனால் மற்றவர்கள் சிரிக்கவில்லை. ஒவ்வொருவராகச் சிலேற்றைக் கீழே வைத்தார்கள். அவர்களில் பலருக்கும் ஏடு தொடக்கியிருக்கவில்லை. அந்தோனியும் வைத்தார். முல்லைத்தீவுக் கரையில் மீன் பிடித்தவர், கடலுக்குப் போகமுடியாத நாட்களில் கசிப்புச் சாராயம் வடித்துப் பிடிபட்டவர்.

“நீங்கள் வேதக்காரர் எல்லோ?” என்றேன்.

“எனக்கும் சேர்த்துத் தொடக்கிவிடுங்கோ. மாதா குறை நினைக்கமாட்டா.”

பொறுப்பாளருக்குப் பொறுமை போய்விட்டது. விஜயதசமியோடு வகுப்புத் தொடங்கவேண்டும், இல்லாவிட்டால் எல்லோரையும் விறகு வெட்ட விடுகிறேன், படிப்புக் கதையே பிறகு வேண்டாம் என்றார். சிவலிங்கத்தின் முகம் கறுத்துப் போனது. அவனுக்கு இரண்டாம் வகுப்புப் படிக்கிற மகள் இருந்தாள். “தீர்ப்பை வாசிச்சுப்போட்டு விரலடையாளம் வை எண்டினம். வைச்சன். அதிலை என்ன கிடந்ததெண்டு தெரியாது. என்ரை வீட்டிலை எழுதத் தெரியாத ஆள் நான் ஒருத்தன்தான்” என்று ஒருமுறை சொல்லியிருந்தான். வெளியே போனால் மறுபடி மாட்டுக்குப் பின்னால்தான் போவான், படிக்கிறதென்றால் இங்கே இருக்கும்போதுதான். அது அவனுக்கும் தெரிந்திருந்தது.

கோயில் ஐயரிடம் ஓடினேன். பாவம், நல்ல மனிதர். “வாறதிலை எனக்கு ஒண்டுமில்லைப் பிள்ளை. வந்தால் முழுகிப்போட்டுத்தான் திரும்பக் கோயிலுக்கை போகவேணும். சவுக்காரம் விக்கிற விலை உனக்குத் தெரியும்தானே” என்றார். ஒரு கட்டிச் சவுக்காரத்தை நாலாக வெட்டிப் பாவித்த காலம் அது. அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மிச்சம் இருந்தது ஒரே ஒரு ஆள். அந்தக் குடியேற்றத்தில் வருஷா வருஷம் பிள்ளையார் கோயிலில் பிள்ளைகளை மடியில் இருத்தி ஏடு தொடக்குவது பெரிய ரீச்சர்தான். அவா கை வைத்தால் பிள்ளை படிக்கும் என்று உருத்திரபுரத்திலிருந்துகூடச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வருவார்கள்.

நான் தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

“என்ரை கையாலையோ? அவனுக்கோ?”

அவ்வளவுதான். எழும்பிக் குசினிக்குள் போய்விட்டா. அடுத்த நாட்களில் என்னோடு கதை இல்லை. தேத்தண்ணி மட்டும் வழக்கம்போல வாசலில் இருக்கும், மூடி வைத்தபடி.

விஜயதசமி அன்று மறியல்காரர் எல்லோரும் விடியக் கிணற்றில் தோய்ந்து, திருநீறு பூசி, பச்சைத்தண்ணிகூட வாயில் வைக்காமல் வரிசையாக இருந்தார்கள். அந்தோனி எல்லோரையும்விடப் பெரிதாகப் பூசியிருந்தார். நான் ஒரு தகரத் தட்டில் கடன்பட்ட அரிசியைப் பரப்பி வைத்துக்கொண்டு, வேறு வழியில்லை, நானே கையைப் பிடிப்போமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். இருபத்திரண்டு வயதுக் குமர்ப்பிள்ளை மறியல்காரரின் கையைப் பிடித்தால் ஊர் என்ன சொல்லும் என்ற பயம் வேறு. வெயில் ஏறியது. குருவிகள் அரிசிக்கு இறங்கப் பார்த்தன. பொறுப்பாளர் கோடாலிகள் சாத்தியிருந்த மூலையைப் பார்த்தார்.

அப்போது கதவடியில் ஒரு குடை மடங்கியது. வெள்ளைச் சேலையில் பெரிய ரீச்சர் நின்றா. கோயிலில் பிள்ளைகளுக்குத் தொடக்கி முடித்த தட்டை அப்படியே கொண்டுவந்திருந்தா. அரிசியில் சின்ன விரல்களின் கோடுகள் அழியாமல் கிடந்தன. எல்லோரும் எழும்பி நின்றார்கள்.

“ஆர் சிவலிங்கம்?”

“நான்தான் ரீச்சர்.”

“செங்காரி எங்கை?”

“வித்துப்போட்டன்.”

“ஆருக்கு?”

அவன் நிலத்தைப் பார்த்தான். “இறைச்சிக்கு.”

“வயித்திலை கண்டுக்குட்டி இருந்தது தெரியுமோ?”

“பிறகுதான் தெரியும் ரீச்சர்.”

ரீச்சர் கண்ணை மூடினா. பிறகு சப்பாணி கட்டி நிலத்தில் இருந்து, தட்டை முன்னால் இழுத்து, “இரு. கையைத் தா” என்றா.

அவனுடைய சுட்டுவிரலைப் பிடித்து அரிசிக்குள் வைத்து ‘அ’ எழுதுவித்தா. பிள்ளைகள் என்றால் ஓரிரண்டு எழுத்தோடு விட்டுவிடுவது வழக்கம். ரீச்சர் விடவில்லை. ஆ, இ, ஈ என்று அரிசியைத் தடவித் தடவி மறுபடி எழுதுவித்தா. அவனுடைய நகம் வெளுத்துப் போனது. அவன் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினான், கண்ணீர் மூக்கு நுனியால் அரிசியில் விழுந்தது. ஃ வரைக்கும் போய்த்தான் விரலை விட்டா. மற்றவர்களுக்கு ஆளுக்கு ஒரு ‘அ’, மென்மையாக, சட்டென்று. அந்தோனிக்கு எழுதுவிக்கும்போது இலேசாகச் சிரித்ததுகூட எனக்கு ஞாபகம்.

மன்னிப்பு என்றால் இதுதான் என்று நான் ஒரு மூலையில் நின்று அழுதேன். பிறகு எத்தனையோ பேருக்கு இதை மன்னிப்புக் கதையாகவே சொல்லியிருக்கிறேன்.

வகுப்பு நடந்தது. கொப்பி இல்லாததால் கரித்துண்டால் சுவரில் எழுதினார்கள், பழைய மூட்டைக் கணக்குகளுக்கு மேலேயே. பொங்கலுக்கு முன் சிவலிங்கம் வெளியே போகும்போது கூட்டெழுத்துக்கூடத் தடக்காமல் வாசித்தான். அந்தோனியும் போனார். ஆனால் மாரி முடிவதற்குள் அவர் திரும்ப உள்ளே வந்துவிட்டார், அதே கசிப்பு. “இப்ப எத்தினையாம் பாடம் ரீச்சர்?” என்று சந்தோஷமாக விசாரித்தார். பெரிய ரீச்சருக்கு அன்றைக்கு நல்ல மனநிலை. “நான் சொன்னனான் எல்லோ” என்று என்னைப் பார்த்துத் தலையாட்டினா.

சிவலிங்கம் திரும்ப வரவில்லை. ஒருநாள் நான் பள்ளிக்கூடத்தால் வந்தபோது எங்கள் வளவு வேலியைப் பிரித்துப் புதுக் கதிகால் கம்புகளும் அலம்பல் கொப்புகளும் வைத்து அடைத்துக்கொண்டிருந்தான். ஒருவரும் கேட்கவில்லை, கூலியும் வாங்கவில்லை. “படலையைச் சாத்திப்போட்டுப் போ” என்றுமட்டும் ரீச்சர் உள்ளேயிருந்து சொன்னா. அன்று பொழுதுபடுவதற்குள், செங்காரி முன்பு ஈன்று மிச்சமிருந்த நாம்பன் கன்றை மாட்டுக் கொட்டிலுக்குள் கொண்டுபோய்ச் சங்கிலி போட்டுக் கட்டினா. “இருந்தாலும்” என்றா.

அதன் பிறகு ஓட்டம் தொடங்கிவிட்டது. ஷெல் விழ விழ ஊர் ஊராக மாறினோம். இரண்டாயிரம் தாண்டி, சத்தம் கொஞ்சம் ஓய்ந்த காலத்தில் வவுனியாவில் பெரிய ரீச்சரைக் கண்டேன். சகோதரனின் மகள் வீட்டில் கட்டிலோடு இருந்தா. விரல்கள் எல்லாம் வாதத்தில் வளைந்திருந்தன. கதையோடு கதையாக நான் அந்த விஜயதசமியை இழுத்தேன்.

“எவ்வளவு பெரிய மனசு ரீச்சர் உங்களுக்கு. அவனை மன்னிச்சு...”

“ஆர் மன்னிச்சது?”

நான் கதிரையைக் கட்டிலுக்குக் கிட்ட இழுத்தேன்.

“அவன்ரை விரலை முறிக்கவேணும் போலை இருந்தது. செங்காரியின்ரை வயித்துக் கண்டு கண்ணுக்கை நிண்டுது. ஏடு தொடக்கேக்கை முறிக்கலாமோ? அதுதான் விடாமல் எழுதுவிச்சனான். ஃ வரைக்கும் வரத்தான் கை கொஞ்சம் ஆறினது.”

சொல்லிவிட்டுத் தன் வளைந்த விரல்களைப் பார்த்தா. “அவன் நோகுதெண்டு சொல்லேல்லை, பாத்தியோ?” என்றா. அதற்குப் பிறகு நான் அவாவைக் காணவில்லை. அடுத்த வருஷம் கண்ணை மூடிவிட்டா.

போனமாதம் விசுவமடுப் பக்கம் போயிருந்தேன். களஞ்சியம் இருந்த இடத்தில் அத்திவாரக் கல்லும் இல்லை. எருக்கலை வளர்ந்திருக்கிறது. கரியில் எழுதிய சுவர்கள், குருவிகள், பெரிய ரீச்சரின் வளவு, படலை, எதுவும் இல்லை. பட்டியென்று சொல்ல மாடும் இல்லை. அந்தோனி கடைசிச் சண்டையின் இடப்பெயர்வில் கரையில் செத்துப்போனாராம், அதுகூட ஆரோ சொல்லித்தான் தெரியும். சிவலிங்கத்தைப் பற்றி, அவனுடைய மகளைப் பற்றி, புதிதாகக் குடியிருக்கிற வீடுகளில் படலை படலையாகத் தட்டிக் கேட்டேன். நல்ல சனங்கள். தேத்தண்ணி தந்தார்கள், கதிரை தந்தார்கள். அப்படி ஒரு ஆளை அவர்களுக்குத் தெரியாது. அவன் திருந்தினானா என்று எனக்குச் சொல்ல ஆள் இல்லாவிட்டால் பரவாயில்லை. அவனைக் கள்ளன் என்று சொல்லக்கூட அங்கே இப்போது ஒருவரும் இல்லை.