ஷியூன் அக்கா திட்டாமல் இருந்த வாரம்

மாடிப்படியில் எஸ்கோ இறங்கும் சத்தம் கேட்டால் ஷியூன் அக்கா கரண்டியை வைத்துவிட்டு நூடுல்ஸ் கடை வாசலுக்கு வந்து நிற்பார். முதலில் எஸ்கோவின் கணுக்காலைப் பார்ப்பார். காலுறை இருக்காது. திட்டு அங்கே தொடங்கும். குளிரில் பச்சைத் தண்ணீர் குடிப்பது, காய்கறியை வேகவைக்காமல் தின்பது, ஈரத்தலையோடு வெளியே போவது என்று வரிசையாக வரும். பல வருடங்களாக ஒரு நாள்கூட விட்டதில்லை. எஸ்கோ பின்லாந்துக்காரர், மொழிப் பள்ளி ஆசிரியர், அக்காவின் மாடியில் குடியிருப்பவர். முழுவதையும் நின்று கேட்டுவிட்டு அதே வெறுங்காலோடு போவார்.

நான் பக்கத்துக் கடையில் துணி தைத்துக் கொடுக்கிறேன். பேச்சு எனக்கு அவ்வளவாக வராது. மெஷினுக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒரு வசந்தத்தில் எஸ்கோவுக்கு வயிற்று வலி வந்தது. சீனாவிலேயே காரத்துக்குப் பேர்போன எங்கள் சாங்ஷாவில் யாரும் மிளகாய்மேல் பழி போட மாட்டார்கள். பச்சைத் தண்ணீர்தான் என்றார் அக்கா. மயக்க ஊசி போட்டு வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்க்க வேண்டும், வீட்டு ஆள் ஒருவர் கூட இருந்தே ஆக வேண்டும் என்றார்கள் ஆஸ்பத்திரியில். வீட்டு ஆளுக்கு அவர் எங்கே போவார்? அக்கா கடையைச் சாத்தினார். பையைப் பிடித்துக்கொள்ள என்னையும் இழுத்துப் போனார்.

எஸ்கோவின் எண்ணைக் கூப்பிட்டதும் அவரோடு இன்னும் நாலைந்து நோயாளிகள் டாக்டர் அறைக்குள் நுழைந்தார்கள். அவர்கள் முடிக்கட்டும் என்று எஸ்கோ மரியாதையாக வெளியே வந்துவிட்டார். அக்கா சட்டையைப் பிடித்து உள்ளே தள்ளினார்.

சோதனை முடிந்து எஸ்கோ மயக்கத்தில் கிடந்தபோது டாக்டர் அக்காவைத் தனியே கூப்பிட்டார். வயிற்றில் கட்டி போல ஒன்று இருக்கிறது, ஒரு துணுக்கு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறோம், நல்லதா கெட்டதா என்று ஒரு வாரத்தில் தெரியும் என்றார். வீட்டு ஆளிடம் சொல்வார்கள், வீட்டு ஆள் நோயாளியிடம் சொல்ல மாட்டார். எங்கள் அப்பாக்களுக்கெல்லாம் அப்படித்தான் நடந்தது. கண் விழித்த எஸ்கோவிடம் அக்கா, "கொஞ்சம் புண்ணு. சரியாயிடும்" என்றார்.

மறுநாள் எஸ்கோ வெறுங்காலோடு இறங்கினார். அக்கா கணுக்காலைப் பார்த்தார். சிரித்தார். பார்த்துப் போகச் சொன்னார். எஸ்கோ படியிலேயே நின்றுவிட்டார்.

அடுத்து மீன் சூப் மேலே போனது. நூடுல்ஸில் முட்டை இரண்டானது. ஒரு நாள் எஸ்கோ சோதித்துப் பார்க்க நினைத்தார் போலும். கடைக்கு நேரெதிரே நின்று, பாட்டிலை உயரத் தூக்கி, பச்சைத் தண்ணீரை மடக் மடக்கென்று குடித்தார். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தார். எஸ்கோவின் முகம் வெளுத்துப்போனது.

அன்று மாலையே எஸ்கோ தன் சைக்கிளை எங்கள் தெருக் காவல்காரருக்குக் கொடுத்துவிட்டார். இஸ்திரிப் பெட்டியை என்னிடம் கொண்டுவந்தார்.

"அக்கா ஏன் என்னைத் திட்டறதில்ல? நான் சாகப்போறேனா?"

எனக்கு வாயில் இருந்த ஊசியை எடுக்கவே நேரமானது. "தெரியாது," என்றேன். "டாக்டருக்கே இன்னும் தெரியாது."

எஸ்கோ நேரே அக்காவின் கடைக்குப் போனார். நான் பின்னால் போனேன்.

"என் வயிறு. எங்கிட்டத்தானே மொதல்ல சொல்லணும்?"

"சொன்னா உனக்குச் சோறு எறங்குமா?"

"நீங்க சிரிச்சதுலதான் இத்தனை நாளா எறங்கலை."

அக்கா எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். கொட்டி முடித்ததும்தான் சைக்கிள் விஷயம் அவருக்கு உறைத்தது. "அந்தத் தூங்குமூஞ்சிக்கா குடுத்தே? மண்டையில என்ன வச்சிருக்கே?" என்று ஆரம்பித்தார். எஸ்கோ உட்கார்ந்து ஒரு கிண்ணம் முழுவதும் தின்றார்.

முடிவு வாங்க இருவரும் சேர்ந்து போனார்கள். தீங்கில்லாத சதை வளர்ச்சிதான், அன்றே குழாய் விட்டு அதை எடுத்துவிட்டார்கள். திரும்பி வரும் பஸ்ஸில், இனி யாருக்கு எது வந்தாலும் மறைக்கக் கூடாது என்றார் எஸ்கோ.

"உன்னோடதை உங்கிட்டயே சொல்றேன்," என்றார் அக்கா. "எனக்கு ஏதாவது வந்தா எங்கிட்டச் சொல்லாதே. என் பொண்ணுகிட்டச் சொல்லு."

இப்போது எஸ்கோ வருடத்துக்கு ஒரு முறை சோதனைக்குப் போகிறார். டாக்டர் அவரிடமே சொல்கிறார், அக்கா பக்கத்தில் நிற்கிறார். தனக்கென்று அக்கா இதுவரை ஒரு சோதனையும் செய்துகொள்ளவில்லை.