ஞாயிற்றுக்கிழமை பறக்கிற பள்ளி

தேங்காய்ப்பட்டணம் கரையில் பிறந்தவன் வலை இழுப்பான், மிஞ்சிப் போனால் கருவாடு விற்பான். என் மச்சான் யூஜினுக்கு மட்டும் விமானம் ஓட்ட வேண்டும். 1954-இல் இந்தக் கிறுக்கு முற்றியது. அப்போது நாங்கள் இருவரும் மெட்ராஸில் ஒரு மோட்டார் பட்டறையில் வேலை பார்த்தோம். தலைக்கு மேலே விமானச் சத்தம் கேட்டால் போதும், ஸ்பானரைக் கீழே போட்டுவிட்டு வாயைப் பிளந்து நிற்பான். முதலாளி திட்டுவது எனக்குத்தான் கேட்கும், அவனுக்குக் கேட்காது.

விசாரித்ததில் இரண்டு பள்ளிகள் தேறின. மெட்ராஸ் பள்ளியில், வேலைக்குப் போகிறவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும் பாடம். பட்டறை வேலையும் தங்கும். பெங்களூர்ப் பள்ளியில் வார நாட்களில் பாடம். வேலையை விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். எது நல்லது என்று கழுதையைக் கேட்டாலும் சொல்லும். ஆனால் இந்த மகாபுத்திசாலி பெங்களூர் என்றான்.

காரணம் அவன் அம்மா செசிலி மாமி, என் அப்பாவின் தங்கை. எங்கள் கரையில் ஞாயிற்றுக்கிழமை எவனும் கடலில் இறங்கமாட்டான். அது ஆண்டவருடைய நாள். யூஜினின் அப்பா ஒரு ஞாயிறன்று, மீன்கூட்டம் தெரிகிறது என்று ஆசைப்பட்டுத் தனியாகக் கட்டுமரம் தள்ளிக்கொண்டு போனார். மறுநாள் மரம் மட்டும் கரை ஒதுங்கியது. ஆண்டவர் கொடுத்த தண்டனை என்று ஊர் சொல்லிற்று. மாமி மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகமாட்டேன் என்று மகனிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

"கடலுக்குத்தானல சத்தியம்? வானத்துக்கு இல்லியே!" என்று நான் தலையால் தண்ணீர் குடித்துப் பார்த்தேன். அவன் அசையவில்லை. அம்மா முகம் சுளித்தால் விமானமே வேண்டாம் என்கிற ரகம் அவன்.

கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போனோம். அவன் வேலை போய்விடுமே என்ற பதற்றத்தில் நான் நேராகப் பங்குச் சாமியாரிடம் ஓடினேன். அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். "வானத்தப் பத்திச் சட்டம் ஒண்ணும் இல்ல கிளீட்டஸ். காலையில பூசை பாத்துட்டுப் பறக்கச் சொல்லு" என்றார். வழக்கு ஜெயித்துவிட்டது என்று துள்ளிக்கொண்டு மாமி வீட்டுக்குப் போனேன்.

மாமி முற்றத்தில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். யூஜின் பக்கத்தில் குந்தியிருந்து, அவளுக்குப் பிடிக்கட்டும் என்று பெங்களூரைப் புகழ்ந்துகொண்டிருந்தான்.

"அங்க ஞாயித்துக்கிழம லீவும்மா. ஒரு சல்லியமும் தொந்தரவும் கெடையாது. பழகுன பொறவு விடியக்காலம் மேல நான் ஒருத்தன்தான். கீழயும் வெறும் காடு."

மாமியின் கத்தி நின்றது. "ஒருத்தனா?"

நான் முந்திரிக்கொட்டைபோல நடுவில் விழுந்தேன். "மெட்ராஸ்ல ஞாயித்துக்கிழமதான் மாமி. ஆனா சாமியாரு சரின்னுட்டாரு!"

"சாமியாரு கெடக்கட்டும். அங்க அன்னைக்கு ஆளு உண்டுமா?"

"ஆளா? திருவிழாக் கூட்டம்லா! ஒரு விமானம் எறங்க, ஒண்ணு ஏறும். வேடிக்கை பாக்கவே வேலிப்பக்கம் பாதி ஊரு நிக்கும்."

"ஒருத்தன் விழுந்தா பாப்பினுமா?"

"பாக்காம? மணியடிச்சு வண்டி ஓடும்லா."

"அப்பம் மெட்ராஸுக்கே போ மக்கா" என்றாள் மாமி.

யூஜின் திகைத்துப்போனான். "ஞாயித்துக்கிழமையாம்மா?"

"ஞாயித்துக்கிழமைன்னா என்னல? உனக்க அப்பன ஆண்டவரா கொன்னாரு? அன்னைக்குக் கடல்ல வேற ஒரு மரம் கெடந்திருந்தா, முடியப் பிடிச்சாவது தூக்கிப் போட்டுட்டு வந்திருப்பானுவ. அந்த மனுசன் எவ்வளவு நேரம் நீந்திக் கெடந்தாரோ, பாக்க ஒரு நாதி இல்லாமப் போச்சே! போவாதன்னு நான் சொன்னது, அன்னைக்குக் கடல்ல ஆளில்லங்கதுக்காக்கும்."

இத்தனை வருடம் ஊரே ஆண்டவர் தலையில் பழியைப் போட்டது. அவளிடம் ஒருவரும் கேட்கவில்லை. பெற்ற பிள்ளைகூடக் கேட்கவில்லை. யூஜின் மீன்வாடை அடிக்கிற அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். "கத்தி இருக்குல, கைய விடு" என்று அவள் அதட்டினாள்.

அப்படித்தான் யூஜின் மெட்ராஸ் பள்ளியில் சேர்ந்தான். வாத்தியார் இல்லாமல் முதன்முதலாகத் தனியே பறக்கும் ஞாயிறு வந்தபோது, மாமி ரயிலேறி வந்துவிட்டாள். நான் சொன்னது பொய்யில்லை. வேலியோரம் அத்தனை கூட்டம். வாத்தியார் மரியாதையாக ஒரு நாற்காலி போடச் சொன்னார். விமானம் மேலே ஏறிற்று. மாமி கண்ணுக்கு மேலே கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"உக்காருங்க மாமி. பாக்கத்தான் இவ்வளவு பேரு நிக்கியாவளே" என்றேன்.

"நீ உக்காருல. நான் பாத்துக்கிட்டு நிக்கியேன்."

சக்கரம் தரையைத் தொட்டு, விமானம் ஓடி நின்று, யூஜின் இறங்கிக் கை காட்டிய பிறகுதான் மாமி கையை இறக்கினாள். நாற்காலியை விட்டுவிட்டுப் புல்லிலேயே உட்கார்ந்தாள். குடிக்கத் தண்ணீர் கேட்டாள்.