இரண்டு அமெரிக்கர்களின் கடிதங்கள்

அமெரிக்கா தனி நாடான புதிதில் வாழ்ந்த இரண்டு எழுத்தாளர்கள் ஒருவருக்கொருவர் எழுதிய கடிதங்களைத் தமிழில் கொண்டுவர நானும் என் நண்பரும் முடிவு செய்தோம். அவர் சின்னமனூர்க்காரர், ஓய்வு பெற்ற ஆங்கிலப் பேராசிரியர். நான் பழனிசெட்டிபட்டியில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். மூத்தவரின் கடிதங்கள் அவருக்கு, இளையவரின் பதில்கள் எனக்கு என்று பிரித்துக்கொண்டோம். அவர் ஒரு கடிதத்தை முடித்து வாட்ஸப்பில் அனுப்பிய பிறகுதான் அதற்கான பதிலை நான் தொடுவேன். ஒரே ஒரு சொல்லுக்காகக் காலை முழுக்கச் சண்டை போட்டிருக்கிறோம். இலக்கியம் பேச எனக்கு வேறு ஆள் கிடையாது.

போன தை மாதம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வீட்டுக்குக் கூட்டி வந்ததும் பார்க்கப் போனேன். என்னை அவருக்கு அடையாளம் தெரிந்தது. கையைப் பிடித்துக்கொண்டார். பேச்சு வரவில்லை.

"பேச்சு மெள்ள வந்துரும்னு டாக்டர் சொன்னாகண்ணே. ஆனா அவுகளுக்கு எழுத்துதான் ஒண்ணும் பிடிபட மாட்டேங்குது. பேப்பரைக் குடுத்தா வீசிட்டு அழுகுறாக" என்றார் அவர் மனைவி.

அவர் கடைசியாக மொழிபெயர்த்த கடிதத்தை வாசித்துக் காட்டினேன். தான் எழுதிய வரிகளை யாரோ எழுதியதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தவர், பாதியில் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"போதும்ணே. விட்டுருங்க" என்றார் அவர் மனைவி.

மீதிக் கடிதங்களை நானே செய்து பார்த்தேன். என் தமிழில் அந்த இரண்டு எழுத்தாளர்களும் ஒரே ஆள்போலப் பேசினார்கள். சில பக்கங்களோடு நிறுத்திவிட்டேன். இப்போதும் ஞாயிறுதோறும் சின்னமனூர் போகிறேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து டிவி பார்த்துவிட்டு பஸ் ஏறிவிடுகிறேன்.