ஏட்டில் வராத பிள்ளைகள்

அறுபதுகளின் தொடக்கம். கொடைக்கானல் டவுன் முடிந்து காய்கறித் தோட்டங்கள் தொடங்கும் மேட்டில் இருந்த ஓர் ஆரம்பப் பள்ளிக்கு என்னை ஆசிரியையாகப் போட்டார்கள். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. பழனிக்காரி, வெயிலுக்குப் பழகிய உடம்பு. மலைக்குளிரில் விரல்கள் வீங்கிப்போய், சாக்பீஸைப் பிடிக்கவே சிரமப்படுவேன். வந்த மூன்றாம் மாதமே கீழே மாற்றல் கேட்டு மனுப் போட்டுவிட்டேன்.

பள்ளி என்றால் நீளமாக ஒரே அறை, மேலே தகரம். மழை பிடித்துக்கொண்டால் நான் கத்துவது எனக்கே கேட்காது. ஐந்து வகுப்புக்கும் நான் ஒருத்திதான்.

ஒழுங்கு ஒழுங்கு என்று உயிரை விடுகிறவள் நான். ஒன்பதரைக்கு மணி அடித்து, பெயர் கூப்பிட்டு, வருகைப் பதிவேட்டை மூடி வைத்துவிடுவேன். அதற்குப் பிறகு வருகிறவர்களை உட்கார விடுவேன், பாடமும் சொல்லித் தருவேன். ஆனால் ஏட்டில் அவர்கள் அன்றைக்கு வரவில்லை. பிந்தி வருவதற்கு அதுதான் நான் கொடுத்த தண்டனை. தினமும் பாதிக்கு மேல் அப்படித்தான் வந்தார்கள். அம்மாக்கள் விடிந்ததும் உருளைக்கிழங்குத் தோட்டத்துக்குப் போய்விட, இவர்கள் தண்ணீர் எடுத்து வைத்து, வீட்டுக் கைக்குழந்தையையும் இடுப்பில் தூக்கிக்கொண்டு, பனியில் நனைந்து மேடேறி வரும்போது மணி பத்தைத் தாண்டியிருக்கும். ஏன் பிந்துகிறது என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. 'பெற்றோருக்குப் பிள்ளைகளின் படிப்பில் அக்கறை இல்லை' என்று ஆண்டறிக்கையில் அழகான கையெழுத்தில் எழுதி அனுப்பினேன்.

பதிவேட்டையும் அறிக்கையையும் பார்த்துவிட்டு, பள்ளியை மூடிப் பிள்ளைகளை டவுன் பள்ளியோடு சேர்ப்பது என்று மேலே முடிவு செய்துவிட்டார்கள். டவுன் பள்ளி மூன்று மைல். நடுவில் ஓர் ஓடை; மழைக்காலத்தில் பெரியவர்களே அதைத் தாண்டப் பயப்படுவார்கள். அது தெரிந்தும் எனக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். பள்ளி போனால் எனக்கு மாற்றல் வந்துவிடுமே!

பெற்றோரைக் கூட்டி விஷயத்தைச் சொல்ல இன்ஸ்பெக்டர் வந்தார். என் அறிக்கையை உரக்கப் படித்தார். 'அக்கறை இல்லை' என்ற இடம் வந்ததும், சேலையில் தோட்டத்து மண்ணோடு நின்றிருந்த ஒரு தாய் முன்னால் வந்தாள். அவள் மகள் மூன்றாம் வகுப்பில் படித்தாள்.

“ஐயா, எம்புள்ள தெனமும் பள்ளிக்கொடத்துக்கு வருது. ஏட்டுல மட்டும் எப்பிடி வராமப் போச்சு?”

“டீச்சர் எழுதினதுதாம்மா எங்களுக்குக் கணக்கு.”

“எழுதுனவங்க இங்கனதான நிக்கிறாங்க, அவங்களையே கேளுங்க. இந்தத் தகரம் எங்கேருந்து வந்துச்சு தெரியுமாங்க? இடிச்ச பங்களாவுல கேட்டு வாங்கி, நாங்கதான் தலையில சொமந்துட்டு வந்தோம். செவுத்துக் கல்லும் நாங்க சொமந்ததுதான். அக்கறை இல்லாதவளுக செய்யிற சோலியா இது? பூட்டுறதுன்னா எங்களையும் உள்ள வச்சுப் பூட்டுங்க.”

சொல்லிவிட்டு வாசற்படியில் போய் உட்கார்ந்துகொண்டாள். மற்ற பெண்களும் ஒவ்வொருவராகப் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். ஒருத்திகூட அழவில்லை, கெஞ்சவில்லை. எல்லோரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தச் சுவரையும் கூரையும் யார் கொண்டுவந்தது என்று எனக்கு அதுவரை தெரியாது. இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினேன்.

“சார், அவங்க சொல்றது உண்மை. பிள்ளைங்க வந்தாங்க. நான்தான் வரலைன்னு எழுதினேன்.”

“யோசிச்சுத்தான் பேசுறீங்களா? உங்க மேல நடவடிக்கை வரும்.”

“வரட்டும் சார். பள்ளியை மூடணும்னு எழுதினா, என் தப்பையும் சேர்த்து எழுதுங்க. நீங்க எழுதலைன்னா நானே மேலே எழுதுவேன்.”

அவர் முகம் சிவந்துவிட்டது. கடைசியில், இன்னும் ஒரு மாதம் பார்க்கலாம், சொல்லாமல் வருவேன், ஒன்பதரைக்குத் தலை எண்ணுவேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த மாதம் பார்த்துக் கிழங்கு வெட்டும் மும்முரம். பிள்ளைகளைப் பள்ளியில் விட்ட பிறகுதான் மண்வெட்டியைத் தொடுவோம் என்று பெண்கள் ஒன்றாகச் சொல்லிவிட்டார்கள். கீழே ஒட்டன்சத்திரம் பக்கமிருந்து ஆள் கொண்டுவருவேன் என்று தோட்ட முதலாளி மிரட்டினார். “கூட்டிட்டு வாங்க. இந்தக் குளிர்ல ரெண்டு நாள் நிக்கிறாங்களான்னு நாங்களும் பாக்குறோம்” என்றார்கள். நாலாம் நாள், கிழங்கு மண்ணுக்குள்ளேயே அழுகிவிடும் என்று பயந்து அவரே இறங்கி வந்தார். நானும் காலையில் வீடு வீடாகப் போனேன். கைக்குழந்தைகளை நான் தூக்கிக்கொண்டேன்; அக்காக்கள் சிலேட்டைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஓடினார்கள்.

கொட்டுகிற மழையில் ஒரு நாள் இன்ஸ்பெக்டர் வந்து நின்றார். தகரத்தில் மழை இரைந்த இரைச்சலில் பெயர் கூப்பிட்டால் கேட்கவில்லை. பிள்ளைகளை எழுந்து நிற்கச் சொல்லி, வரிசை வரிசையாக அவரே எண்ணினார். இரண்டு தடவை எண்ணினார். தலையில் கோணியைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்ற அந்தத் தாய், “எத்தனைங்கய்யா?” என்று உள்ளே பார்த்துக் கத்தினாள்.

“நாற்பத்தொண்ணு.”

“ரெண்டு கொறையுது. காய்ச்சல்ல கெடக்குதுங்க. சந்தேகமா இருந்தா வெரசா வாங்க, வீட்டுலயே வந்து எண்ணிக்கங்க!”

அன்றைக்குத்தான் அவர் சிரித்து முதல் தடவையாகப் பார்த்தேன்.

பள்ளி நிலைத்தது. எனக்கு மெமோ வந்தது; பணிப்பதிவேட்டில் ஒரு கரும்புள்ளியும் விழுந்தது. அடுத்த வருடம் நான் கேட்டிருந்த மாற்றல் கிடைத்தபோது, வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அந்தத் தாய் என்னை மன்னித்ததாக ஒரு வார்த்தை சொன்னதில்லை, நானும் கேட்கவில்லை. அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனாலும் பல நாள் மகளைக் கூட்டிக்கொண்டு என் மேசைக்கே வருவாள். பதிவேட்டைத் திறக்கச் சொல்லி, மகளை விட்டுப் படிக்க வைத்து, பெயருக்கு நேரே இருந்த குறியைத் தானே பார்த்துவிட்டுத்தான் வேலைக்குப் போவாள்.

ஏழைகளுக்குப் பிள்ளைகளின் படிப்பில் அக்கறையில்லை என்று இன்றைக்கும் யாராவது ஒரு காகிதத்தை நீட்டினால் நான் நம்புவதில்லை. அதை எழுதியது யார், எழுதும் முன் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டார்களா என்று கேட்காமல் விடுவதும் இல்லை.