அண்ணன் ஆடியில் நிறுத்திய மாத்திரை

2012 ஆகஸ்ட் 3, வெள்ளிக்கிழமை, காலை ஆறு நாற்பது. வெளியே சாரல் விடவில்லை. நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் எங்கள் அண்ணன் தமது எழுபத்து நான்காம் வயதில் கண்மூடினார்.

மயிலாடியில் பிறந்தவர். அப்பா இறந்தபோது அவருக்குப் பதினாறு வயது. அவருக்குக் கீழே நாங்கள் நான்கு பேர், நான் கடைக்குட்டி. படிப்பை விட்டு லாரி கிளீனரானார், பிறகு பஸ் கண்டக்டர். நான் படித்து வாத்தியாரானது அவர் சம்பளத்தில்தான்.

இறப்பதற்கு இரண்டு ஆண்டு முன்பு, சாப்பிடும்போது அவர் கையிலிருந்து சோறு நழுவியது, பேச்சு குழறியது. பக்கவாதம் என்றார்கள். கழுத்து ரத்தக்குழாயில் அடைப்பில்லை, இதயத்திலும் கோளாறில்லை. தொண்டை வழியே ஸ்கேன் குழாய் இறக்கிப் பார்த்தபிறகுதான் காரணம் தெரிந்தது. இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய் வளையும் இடத்தில் கொழுப்பு தடித்துப் படிந்திருந்தது. அதிலிருந்து ஒரு துணுக்கு மூளைக்குப் போயிருக்கிறது.

"சுரண்டி எடுத்துவிட முடியாதா?" என்று டாக்டரிடம் கேட்டேன்.

"தொட்டால் இன்னும் உதிரும். படிவு உடையாமலிருக்க ஒரு மாத்திரை, ரத்தம் உறையாமலிருக்க ஒன்று, பிரஷருக்கு ஒன்று. ஆயுசு முழுக்கச் சாப்பிட வேண்டும்," என்றார்.

பீடியை அண்ணன் அன்றே விட்டார். கையும் பேச்சும் மீண்டன.

இரண்டு ஆண்டு கழித்து ரத்தப் பரிசோதனையில் கொழுப்பு சரியான அளவில் வந்தது. அடுத்து ஆடி பிறந்தது. எங்கள் பக்கத்தில் பலர் ஆடியில் பத்தியம் இருந்து மருந்துக் கஞ்சி குடிப்பார்கள். பத்தியத்தில் இங்கிலீஷ் மருந்து சேராது என்று அண்ணன் மாத்திரைகளை நிறுத்தினார்.

"அண்ணே, மாத்திரைய மொடக்கப்பிடாது," என்றேன்.

"போலே! கொழுப்பு கொறஞ்சாச்சுன்னு ரிப்போர்ட்டுலயே போட்டிருக்கான். இல்லாத கொழுப்புக்கு மருந்து திங்கச் சொல்லுதியா?"

அண்ணன் மனைவி, எங்கள் மதினிக்குப் பொறுக்கவில்லை. "கஞ்சியும் குடியுங்க, மாத்திரையும் முழுங்குங்க. ஊரையே அதட்டி பஸ்ஸுல ஏத்துன மனுசனுக்கு ஒரு மாத்திரைய உள்ள ஏத்த முடியலியா?"

அண்ணன் சிரித்தார். "ஆடி கழியட்டும் மக்கா. பொறவு தின்னுதேன்."

ஆடி கழியவில்லை. பாதியிலேயே வாய் கோணி விழுந்தார். மூன்றாம் நாள் போய்விட்டார்.

"ரத்தத்தில் கொழுப்பு குறைந்ததே மாத்திரையால்தான். குழாயில் படிந்தது அங்கேயே இருந்தது. நிறுத்தாவிட்டால் பிழைத்திருப்பார் என்று உறுதி சொல்ல மாட்டேன். ஆனால் நிறுத்தியிருக்கக் கூடாது," என்றார் டாக்டர்.

காரில் கொண்டுசேர்த்த பக்கத்து வீட்டாருக்கும், உடனிருந்து கவனித்த நர்சுகளுக்கும், மழையில் நனைந்தபடி வந்து நின்ற சொந்தங்களுக்கும் எங்கள் நன்றி. அண்ணனுக்கான இந்த நினைவு மலரை வாங்கிச் செல்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன்: மாத்திரையை நிறுத்தும் முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

ஆஸ்பத்திரிச் செலவைப் பிள்ளைகள் கட்டிவிட்டார்கள். நடுவிலிருந்த மூவரும் முன்னமே போய்விட்டார்கள். என் கணக்கில் போனது, என்னைப் பேர் சொல்லித் திட்ட மிஞ்சியிருந்த ஒரே மனிதர்.