பிரேக் மாஸ்டரின் வலது கால்

சலூன் நாற்காலியில் உட்கார்ந்தாலும் அந்த மனுஷனுடைய வலது கால் சும்மா இருக்காது. கத்தரி காதோரம் வந்தால் போதும், கால் படக்கென்று கீழே இருக்கும் பலகையை மிதிக்கும், தலை ஒரு குலுக்குக் குலுங்கும். "அண்ணே, ஆடாதீங்கண்ணே, காது போயிரும்" என்று மாதாமாதம் சொல்லிச் சொல்லி முடிவெட்டுகிறவருக்கு வாய் வலித்துவிட்டது. பஸ்ஸில் போனால் முன் சீட்டின் அடிக்கம்பியை மிதிப்பார். சினிமாவில் கார் துரத்தும் காட்சி வந்தால் முன் வரிசைக்காரர் திரும்பி முறைப்பார். பேண்ட்டுக்கு அளவெடுத்த தையல்காரர், "சார், உங்க வலது கெண்டைக்கால் மட்டும் ஒரு விரல் தடிமன் கூட இருக்கே" என்றபோது இவருக்கு வெட்கம் வரவில்லை. பெருமை வந்தது. என்ன செய்வது, ஆள் அப்படி.

டிரைவிங் ஸ்கூலில் இருபத்திமூன்று வருஷமாக மாஸ்டர் வேலை. அந்தக் கார்களில் ஓட்டுகிறவர் காலடியில் இருப்பதுபோலவே பக்கத்து சீட்டிலும் ஒரு பிரேக் உண்டு. இரண்டையும் ஒரு கேபிள் இணைக்கும். பழகுகிறவர் தடுமாறினால் மாஸ்டர் தன் பக்கத்தில் அமுக்குவார், வண்டி நிற்கும். மற்ற மாஸ்டர்கள் அதை நாளைக்கு நாலைந்து தடவை தொட்டால் அதிகம். இவர் நானூறு தடவை தொடுவார். பழக வந்தவர்கள் வைத்த பெயர் பிரேக் மாஸ்டர். அதையும் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டார்.

இதற்கு ஒரு காரணம் உண்டு, அதையும் சொல்லிவிடவேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், பழக வந்த ஒருவர் பிரேக் என்று நினைத்து ஆக்சிலேட்டரை மிதித்துவிட்டார். எதிரே கைக்குழந்தையோடு ஒரு பெண் சாலையைக் கடந்துகொண்டிருந்தாள். மாஸ்டர் தன் பக்கத்து பிரேக்கை அமுக்க, ஒரு சாண் இடைவெளியில் வண்டி நின்றது. அந்தப் பெண் திட்டக்கூட இல்லை, பார்த்துவிட்டுப் போய்விட்டாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்தவர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அதற்கப்புறம் அந்தக் கால் யாரையும் நம்பவில்லை. கண் ஒன்றைப் பார்ப்பதற்கும் கால் அமுக்குவதற்கும் நடுவில் இவர் என்ற ஆளே இல்லாமல் போய்விட்டார்.

அவருடைய வண்டியில் ஒரு கீறல் கிடையாது. "இருபத்திமூணு வருஷம். ஒரே ஒரு கோடு காட்டு பாப்போம்" என்று யாரைப் பார்த்தாலும் சவால் விடுவார். அவருக்கு ஆகாதவர் தூங்குமூஞ்சி மாஸ்டர், அதே ஸ்கூலில் இன்னொரு மாஸ்டர். அந்த ஆள் சீட்டைப் பின்னால் சாய்த்து, தொப்பியை முகத்தில் கவிழ்த்து, "போங்க போங்க" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருப்பார். அவர் வண்டி நாலு பக்கமும் நசுங்கிக் கிடக்கும். ஆனால் கேளுங்கள் அநியாயத்தை: அவரிடம் பழகியவர்கள் முதல் டெஸ்டிலேயே லைசென்ஸ் வாங்கிவிடுவார்கள். பிரேக் மாஸ்டரிடம் பழகியவர்கள் இரண்டு தடவை, மூன்று தடவை போய் நிற்பார்கள். "அவனுக்கு வந்து மாட்டுறதெல்லாம் ஏற்கெனவே ஓட்டத் தெரிஞ்ச ஆளுங்க. எனக்கு வர்றது பூரா மரமண்டைங்க" என்று நம்மவர் தலையில் அடித்துக்கொள்வார்.

இந்த மரமண்டை வரிசையில் கடைசியாகச் சேர்ந்தது அவர் மனைவி.

அந்த அம்மா ஒரு பள்ளிக்கூட வேனில் பதினாலு வருஷமாகப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேலை பார்க்கிறாள். இப்போது தானாகத் திறந்து மூடும் கதவு வைத்த புது வேன்கள் வருகின்றன, ஏற்றி இறக்க ஆள் வேண்டாம் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. ஒரே ஒரு சலுகை: மூன்று மாதத்துக்குள் லைசென்ஸ் வாங்கிக் காட்டினால் சின்ன வேனை ஓட்டும் வேலை. இல்லையென்றால் வீடு. வீட்டில் சும்மா உட்காரும் பொம்பளை இல்லை அவள். அந்தப் பிள்ளைகளில் யார் எந்தப் பக்கம் உட்கார்ந்தால் வாந்தி எடுப்பார்கள் என்பதுவரை மனப்பாடம். கணவனே மாஸ்டர், அப்புறம் என்ன கவலை என்று எல்லாரும் சொன்னார்கள்.

அறுபது பாடம் நடந்தது. மூன்று டெஸ்ட் நடந்தது. மூன்றிலும் கோட்டை விட்டாள்.

டெஸ்டுக்கு லைசென்ஸ் ஆபீசின் கார்தான். பக்கத்தில் ஆபீசர் மட்டும், அவர் பக்கம் பிரேக் கிடையாது. கடைசியில் ஒரு வெள்ளைக் கோடு, அதற்கு முன்னால் நிறுத்தவேண்டும். அந்த அம்மா ஸ்டீயரிங்கை அழகாகத் திருப்பினாள், கியர் சத்தமில்லாமல் விழுந்தது, கோடு வந்தது, கோடு போனது. ஆபீசர் கைபிரேக்கைப் பிடித்து இழுத்தார்.

"ஏம்மா, பிரேக் போட மாட்டீங்களா?"

"தானா நிக்கும்ல சார்?" என்றாள் அவள், உண்மையாகவே ஆச்சரியப்பட்டு.

மூன்றாவது தடவை ஆபீசர் வெளியே வந்து மாஸ்டரையே பிடித்துக்கொண்டார். "யோவ் மாஸ்டர், உங்ககிட்ட வர்றவங்க எல்லாருமே இப்படித்தான்யா. கோடு வந்ததும் ஹாயா உக்காந்திருக்காங்க. ஏதோ சாமி வந்து நிறுத்தும்ங்கிற மாதிரி."

அன்றைக்கு மாஸ்டருக்குக் கோபம் மூக்குக்கு மேல். வீட்டுக்கு வந்ததும் வராததுமாகச் சாக்பீஸை எடுத்து அடுப்படித் தரையில் ஒரு கோடு கிழித்தார்.

"இது என்ன?"

"கோடுங்க."

"கோடு வந்தா என்ன பண்ணணும்?"

"நிறுத்தணும்."

"எதை வச்சு?"

"பிரேக்கை வச்சு."

"பின்ன அங்க மட்டும் ஏன்மா மரம் மாதிரி உக்காந்திருந்தே?"

"தெரியலைங்க! வாய்க்குத் தெரியுது, காலுக்குத் தெரியலை. என்னைப் போட்டு வறுத்து எடுக்காதீங்க!" துடைப்பத்தால் கோட்டை அழித்துவிட்டு அவள் அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். கண் கலங்கியதை மறைக்கத்தான். அவருக்கு அது புரியவில்லை, திமிர் என்று நினைத்தார்.

அந்த வாரமே அவர் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. சாதாரணப் பிடிப்பு இல்லை, வண்டியில் ஏறவே இரண்டு பேர் தாங்கவேண்டியிருந்தது. நரம்பு டாக்டரிடம் மனைவிதான் கூட்டிக்கொண்டு போனாள். டாக்டர் தட்டிப் பார்த்தார், அமுக்கிப் பார்த்தார், என்ன வேலை என்று கேட்டார். மாஸ்டர் தன் கால் புராணத்தை ஆரம்பித்து, மனைவியின் மூன்று தோல்வியில் கொண்டுவந்து முடித்தார். டாக்டர் சிரித்துவிட்டார்.

"உங்க காலுக்கு ஒரு நோயும் இல்ல, ஓவர்டைம்தான். இருபது வருஷம் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செஞ்சா மூளை அதை உங்ககிட்ட கேக்காமலே செய்ய ஆரம்பிச்சிரும். நீங்க யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள கால் அமுக்கியிருக்கும். சலூன்ல மிதிக்கிறதும் அதனாலதான்."

"அது சரி டாக்டர், இவளுக்கு ஏன் ஏறலை?"

"நல்லாவே ஏறியிருக்கு. அதான் பிரச்சினை." டாக்டர் அந்த அம்மா பக்கம் திரும்பினார். "மூளை எப்பவும் அடுத்து என்ன நடக்கும்னு ஒரு கணக்குப் போட்டு வச்சிருக்கும்மா. நடந்தது வேற மாதிரி இருந்தா, அடடா தப்பாப் போச்சேன்னு கணக்கைத் திருத்திக்கும். அந்தத் திருத்தம்தான் பெரும்பாலும் கத்துக்கிறதுங்கிறது. உங்க விஷயத்துல தப்பே நடக்கலை. ஒவ்வொரு தடவையும் கோடு வந்துச்சு, வண்டி நின்னுச்சு. கோடு வந்தா வண்டி நிக்கும்னு மூளை ஒழுங்காப் படிச்சிருக்கு. யார் கால் அமுக்குச்சுங்கிறது அதுக்கு எதுக்கு? மாஸ்டர், அவங்களோட பிரேக் நீங்கதான்."

வெளியே வந்த மாஸ்டர் தாம்தூம் என்று குதித்தார். கால் வலியோடு எவ்வளவு குதிக்க முடியுமோ அவ்வளவு. "கால் வலிக்கு மாத்திரை கேட்டா, என் தொழிலுக்கு வைத்தியம் பாக்குறாரு! என் கால் இல்லைன்னா எத்தனை பேர் செத்திருப்பாங்க தெரியுமா?" மனைவியோ டாக்டர் சொன்னதை மட்டும் மனதுக்குள் ஓட்டிக்கொண்டே வந்தாள்.

நாலாவது டெஸ்டுக்கு இன்னும் எட்டு நாள். அதுதான் கடைசி, அதற்குப் பின் கெடு முடிந்துவிடும். மாஸ்டர் ஒரு வாரம் லீவு போட்டு, ஸ்கூலில் சும்மா கிடந்த பழைய காரைக் கேட்டு வாங்கி வீட்டு வாசலில் நிறுத்திக்கொண்டார். முதல் இரண்டு நாள் பிரேக்கைத் தொடவே கூடாது என்ற மனைவியின் நிபந்தனைப்படி காலை விலக்கி வைக்கப் பார்த்தார். சீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார், முதல் திருப்பத்தில் கால் தானாக அவிழ்ந்து கீழே போனது. பிரேக்குக்கு மேல் டிபன் பாக்ஸை வைத்தார், டிபன் பாக்ஸ் நசுங்கியது. "மதியச் சாப்பாடும் போச்சா?" என்று அவள் கேட்ட தொனியில் சிரிப்பு இல்லை.

சனிக்கிழமை சாயங்காலம் ஏதோ சந்தேகம் கேட்கவேண்டும் என்று அவள் தூங்குமூஞ்சி மாஸ்டர் வீட்டுக்குப் போனாள். நம்மவருக்கு அதுவே பெரிய அவமானம். "என்கிட்ட கேக்க முடியாத சந்தேகமா அவன்கிட்ட?" என்று சாப்பாடு வேண்டாமென்று படுத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பயிற்சி மைதானத்தில் அது நடந்தது. ஆள் நடமாட்டமில்லாத காலி மைதானம், ஓரத்தில் வரிசையாகத் தகர டிரம்கள். அவள் ஓட்டிக்கொண்டு வந்தாள், டிரம் நெருங்கியது, மாஸ்டர் மிதித்தார், வண்டி நிற்கவில்லை. டமார்! டிரம் உருண்டு போனது. முன் பம்பரில் ஒரு முழ நீளத்துக்குக் கீறல்.

இரண்டு பேரும் இறங்கிப் பார்த்தார்கள். அவள் முகம் வெளுத்திருந்தது. அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தாள். அவர் கத்தவில்லை. குனிந்து கீறலை விரலால் தடவினார். "லேட்டாயிருச்சும்மா. என் கால் லேட்டாயிருச்சு. வயசாயிருச்சு போல" என்றார். குரல் உடைந்திருந்தது. அவள் ஏதோ சொல்ல வாயெடுத்து, விழுங்கிக்கொண்டாள்.

அன்றிலிருந்து மாஸ்டர் இன்னும் சீக்கிரமாக மிதித்தார், இன்னும் பலமாக மிதித்தார். திங்கள் காலை இன்னொரு டிரம் லேசாகச் சாய்ந்தது. சாயங்காலம் சாயவில்லை. செவ்வாய், புதன் இரண்டு நாளும் டிரம்முக்கு ஒரு முழம் முன்னால் வண்டி வெண்ணெய் மாதிரி நின்றது. மாஸ்டருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "பாத்தியா, கால் பழையபடி வந்திருச்சு. ஆனா நீ இன்னும் பிரேக்கே தொடலையேம்மா. நாளைக்கு நான் பக்கத்துல இருக்க மாட்டேன், என்ன பண்ணப் போறே?" என்று தலையில் கைவைத்துக்கொண்டார். அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "பாத்துக்கலாங்க" என்றாள்.

வியாழக்கிழமை மாஸ்டர் லைசென்ஸ் ஆபீஸ் வாசலில் பெஞ்சில் உட்கார்ந்து, கோடு இருக்கும் திசையைப் பார்க்க மனமில்லாமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கால் மட்டும் தரையை மிதித்துக்கொண்டே இருந்தது. அவள் கையில் ஒரு தாளோடு வந்து நின்றாள்.

"பாஸ்."

"எப்படி?" அவருக்குச் சந்தோஷத்தைவிட சந்தேகம்தான் முதலில் வந்தது. "யார் நிறுத்தினா?"

"நான்தான். அஞ்சு நாளா நான்தாங்க நிறுத்துறேன்." அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "சனிக்கிழமை நீங்க கோவிச்சுக்கிட்டுப் படுத்தப்புறம், அந்த மாஸ்டரை வீட்டுக்குக் கூட்டிட்டு வந்து உங்க பக்கத்துக் கேபிளைக் கழட்டச் சொன்னேன். மிதிச்சா வித்தியாசம் தெரியக் கூடாதுன்னு தடி ஸ்பிரிங் ஒண்ணு மாட்டினாரு. மைதானத்தை விட்டு வெளிய வரும்போது நீங்களே ஓட்டுறீங்க, ஆபத்து இல்லைன்னுதான் செஞ்சேன். நீங்க மிதிச்சது பூரா வெறும் ஸ்பிரிங்குங்க."

இருபத்திமூன்று வருஷம் ஊரையே காப்பாற்றிய காலுக்கு, ஐந்து நாளாகத் தான் எதையும் காப்பாற்றவில்லை என்பதுகூடத் தெரியவில்லை. மாஸ்டருக்குக் கோபம் வந்தது. அதற்குப் பின்னாலேயே, மரமண்டை என்று திட்டி அனுப்பிய முகங்கள் ஒவ்வொன்றாக வந்தன. மூன்றாம் தடவையும் தோற்று அழுதுகொண்டே போன அந்த நர்ஸ், அப்புறம் வராமலே நின்றுவிட்ட அந்த மளிகைக் கடைக்காரர். அவர்களுக்கு ஒரு குறையும் இல்லை. ஒரு டிரம்மை இடிக்க அவர்களை இவர் விட்டிருக்கவேண்டும், அவ்வளவுதான். வெட்கத்தில் அவருக்கு முகம் கொதித்தது.

"வயசாயிருச்சுன்னு அன்னிக்கு அழுதேனே. அப்பவாவது சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா கேபிளை மறுபடி மாட்டியிருப்பீங்க."

அவர் சாவியை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

வீட்டுக்கு அவள்தான் ஓட்டினாள். மார்க்கெட் திருப்பத்தில் கைக்குழந்தையோடு ஒரு பெண் சட்டென்று சாலையில் இறங்கினாள். மாஸ்டரின் கால் பாய்ந்து மிதித்தது. வண்டி அந்தப் பெண்ணுக்கு நாலு முழம் முன்னாலேயே நின்றது. அவர் தன் காலைப் பார்த்தார், மனைவியின் காலைப் பார்த்தார். அந்தப் பெண் கடந்து, எதிர்ப் பிளாட்பாரத்தில் ஏறிப் போனாள். பிறகு அவர் குனிந்து, வலது காலைக் கையாலேயே தூக்கி சீட்டின் மேல் வைத்துக்கொண்டார்.

அடுத்த திருப்பத்தில் அது மறுபடியும் கீழே இறங்கியது. அவர் அசடு வழிந்தார்.

"இருக்கட்டும், மிதிச்சுக்குங்க" என்றாள் அவள், சாலையைவிட்டுக் கண்ணை எடுக்காமல்.