வெத்திலை துப்பின பேஸ் பெட்டி

பேய், முனி எண்டு ஆராவது கதை தொடங்கினால் தேத்தண்ணியைப் பாதியில வச்சிட்டு எழும்பிப் போற ஆள் நான். வயரிங் வேலை செய்யிறவன். கண்ணுக்குத் தெரியாத சாமானில நான் பயப்பிடுறது கரண்டுக்கு மட்டும்தான், அதுக்கும் என்ர பொக்கற்றுக்குள்ள டெஸ்ரர் கிடக்கு. அதால இதைச் சொல்ல எனக்கே வெக்கமாக் கிடக்கு. வெக்கத்தைவிட அருவருப்புத்தான் கூட. நீங்கள் சாப்பிட்டிட்டியளே? இல்லாட்டிச் சாப்பிட்டிட்டு வந்து கேளுங்கோ, பிறகு என்னை ஏசக்கூடாது.

ரெண்டு வருசத்துக்குக் கிட்ட ஆகுது. அக்கராயனில ஒரு வீட்டுக்குப் பழைய வயர் மாத்தப் போனனான். புருசன் செத்து ஆறு மாசம், அந்த அம்மா தனிய இருக்கிறா. மனுசன் மைக்செற்காரர், செல்லத்துரை எண்டு பேர், அந்தப் பக்கத்துத் திருவிழா, கலியாணம், செத்தவீடு எல்லாத்துக்கும் அவரின்ர பெட்டிதான் போய்ப் பாடும். கோழிக்கூட்டுக்குள்ள பாத்தால் ஒரு பழைய பேஸ் ஸ்பீக்கர் பெட்டி கிடக்கு, என்ர நெஞ்சளவு உயரம், மேல ரெண்டு கோழி படுத்திருக்கு. தட்டிப் பாத்தன். அந்தக் காலத்துத் தடிப்பான பலகை, இப்ப காசு குடுத்தாலும் கிடையாது. "தூக்கிக்கொண்டு போ தம்பி, எனக்குக் கண்ணிலயும் காட்டக்கூடாது" எண்டு சொல்லிப்போட்டா. ஏன் எண்டு நான் கேக்கேல்லை. வேலியில போன ஓணானை மடியில தூக்கிவிட்ட கதைதான்.

எனக்கு ஆசை என்னெண்டால் வீட்டு ஹோலில ஒரு ஹோம் தியேட்டர் செய்யிறது. படத்தில ஒருத்தன் கதவைச் சாத்தினால் எங்கட குசினிக் கோப்பை கிலுங்க வேணும். இந்தப் பெட்டியைத் துப்பரவாக்கி, புது ஸ்பீக்கர்க் கோன் போட்டு, சப் ஊஃபராக்கினால் கிளிநொச்சியில ஒருத்தரிட்டையும் அப்பிடி ஒண்டு இருக்காது எண்டு நினைச்சன்.

என்ர மனிசி சுதாவுக்கு அப்ப மூண்டு மாசம். முதல் வந்தது தங்கேல்லை, அதால ரெண்டு பேருக்கும் நெஞ்சுக்குள்ள பயம். கஞ்சி குடிச்சாலும் சத்தி, அப்பிடியே வெளியில வந்திடும். கிளினிக்கில நிறுத்துப்போட்டு, இன்னும் நிறை குறைஞ்சால் ஆஸ்பத்திரி வாட்டில மறிப்பம், பிள்ளைக்குக் கூடாது எண்டு சொல்லியிருந்தவை. அந்த நேரம் பாத்து இந்தப் பீத்தலை வீட்டுக்குக் கொண்டுவந்த என்னைச் செருப்பாலதான் அடிக்கவேணும்.

பின்பக்கப் பலகையைக் கழட்டினன். உள்ளுக்கு வச்ச பஞ்சு வெள்ளையாத்தானே இருக்கவேணும்? செங்கல் நிறத்தில காஞ்சு, தட்டுத் தட்டா, புண்ணில காஞ்ச படை மாதிரி ஒட்டிக்கிடக்கு. எலி செத்த ரத்தம் எண்டுதான் நினைச்சன். சுரண்டேக்கை பாத்தால் பாக்குத் துண்டு, சுண்ணாம்பு, சப்பின வெத்திலைத் திப்பி, அதுக்குள்ள கரப்பான் முட்டை. வெத்திலைத் துப்பல்! வருசக்கணக்கில துப்பின துப்பல். பேஸ் பெட்டிக்கு முன்னால ஒரு கோப்பை போற அளவுக்கு ஓட்டை இருக்கும் தெரியுமே, பேஸ் அடிக்கேக்கை காத்து அதாலதான் வெளியில தள்ளும். மனுசன் அந்த ஓட்டைக்குள்ளதான் துப்பியிருக்கிறார். நான் முற்றத்தில குந்தியிருந்து ஓங்காளிச்சன்.

இருந்தாலும் விடேல்லை. ரெண்டு கிழமை சுரண்டி, பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவி, வெயிலில காய வச்சு, சாண்ட் பேப்பர் அடிச்சு, உள்ளுக்கும் வெளியாலயும் கறுப்புப் பெயின்ற் பூசி, புதுப் பஞ்சு, புதுக் கோன். ஹோலில சுவரோரம் கொண்டுவந்து வச்சால் வடிவெண்டால் அப்பிடி ஒரு வடிவு.

அண்டைக்குப் பின்னேரம் மூண்டு மணி இருக்கும், நல்ல வெயில். கரண்ட் இல்லை. பெட்டிக்கு இன்னும் வயரே குடுக்கேல்லை, இதை வடிவாக் கேட்டுக்கொள்ளுங்கோ. நான் முன்னால நிண்டு கோனை மறைக்கிற நெற் துணி அடிக்கிறன், ஓட்டைக்குள்ளயிருந்து என்ர காலில காத்துப் பட்டது. சூடா, ஈரமா, ஆரோ வாயைத் திறந்து ஊதின மாதிரி. வெத்திலையும் புகையிலையும் ஊறின வாய் மணம். பிறகு உள்ளுக்குத் தொண்டையைச் செருமிற சத்தம், புளிச்செண்டு ஒரு சத்தம். வெள்ளை மாபிளில சிவப்பாத் துப்பல், நடுவில ஒரு பாக்குத் துண்டு. நீங்கள் நம்புங்கோ, நம்பாமல் விடுங்கோ, நான் விரலால தொட்டுப் பாத்தனான். இளஞ்சூடு. அந்த விரலை எத்தினை தரம் சவுக்காரம் போட்டுக் கழுவினனோ தெரியாது, இப்பவும் இந்த விரலால நான் சோறு குழைக்கிறேல்லை.

மூண்டு நாள் அதே நேரம், அதே துப்பல். சுதாவுக்கு மணம் பிடிச்சு, குடிச்ச தண்ணியும் நிக்கேல்லை. "இஞ்சேருங்கோ, ஒண்டில் அந்தப் பெட்டி, இல்லாட்டி நான். நான் ஓமந்தைக்கு அம்மாட்டப் போறன்" எண்டு சொல்லிப்போட்டா. எனக்கோ ரெண்டு கிழமைப் பாடு, தூக்கி எறிய மனம் வரேல்லை. அக்கராயன் அம்மாவுக்குப் போன் எடுத்து நடந்ததைச் சொன்னன்.

அவா ஆச்சரியப்படவே இல்லை. "கோயில் வீதியில துப்பக்கூடாதெல்லோ தம்பி, அதுக்குத்தான் மனுசன் பெட்டிக்குள்ள துப்பிறது. ரெண்டு விரலை உதட்டில வச்சு, தலையைச் சரிச்சு... அதுவும் இடக்கை விரல். முப்பது வருசம் அந்தத் துப்பல் பட்ட சேட்டுகளைக் கழுவினனான். செத்து எட்டாம் நாள் எட்டுச்செலவுக்கு அவருக்குப் பிடிச்சது எல்லாம் படைச்சனான், வெத்திலை மட்டும் வைக்கேல்லை. செத்தாவது வாயைக் கழுவட்டும் எண்டு விட்டிட்டன்."

"அப்ப இப்ப என்ன செய்யிறது, அம்மா?"

"ஒருக்கா வெத்திலை வச்சுவிடு. நான் வைக்கமாட்டன், எனக்கு இன்னும் கோபம் ஆறேல்லை. வச்சதை ஒருத்தரும் தொடக்கூடாது, பின்னேரம் கொண்டுபோய்க் குளத்தில போடு."

பேய்க்கதைக்கு எழும்பிப் போற நான், அடுத்த நாள் காலமை ஒரு தட்டத்தில வெத்திலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை எல்லாம் வாங்கி வச்சுப் பெட்டிக்கு முன்னால கும்பிட்டன். சுதா குளிக்கப் போன நேரமாப் பாத்துத்தான் வச்சனான். அவவுக்குச் சொல்லேல்லை. சொன்னால் சிரிப்பா எண்டு வெக்கம். அந்த வெக்கம்தான் நான் செய்த பிழை. பூநகரியில ஒரு வேலை, வெளிக்கிட்டுப் போட்டன்.

பஸ் பிந்தி, பொழுதுபடத்தான் வந்து சேந்தன். ஹோலில ஒரு மணமும் இல்லை, பெயின்ற் மணம் மட்டும்தான். மாபிள் காஞ்சு கிடக்கு. தட்டம் வெறுமை, ஓரத்தில சுண்ணாம்பு வழிச்ச அடையாளம். எனக்கு ஒரே சந்தோசம். குசினிக்குள்ள போனால் சுதா நிலத்தில இருந்து சோறு சாப்பிடுறா, கோப்பை நிறைய. ரெண்டு மாசத்துக்குப் பிறகு முதல் சோறு. நிமிந்து பாத்துச் சிரிச்சா. வாயெல்லாம் சிவப்பு.

"வெத்திலையைக் கண்டதும் வாய் கேட்டிச்சப்பா. புகையிலையையும் விடேல்லை. என்னை ஏன் அப்பிடிப் பாக்கிறியள்?"

வெத்திலைக் கடையைத் தாண்டேக்கை மூக்கைப் பொத்திற மனிசி அவ. செத்தவனுக்குப் படைச்சதைப் பிள்ளைத்தாச்சி திண்டிருக்கிறா எண்டு நான் எந்த வாயால சொல்ல? சொல்லேல்லை. இண்டைக்கும் அவவுக்குத் தெரியாது. அடுத்த நாளே பெட்டியைப் பின்வளவில போட்டுக் கோடாலியால கொத்தி எரிச்சன். அதுக்குப் பிறகு சுதாவுக்குச் சத்தியே இல்லை. நிறை ஏறினது. பெடியன் நல்ல கொழுகொழுவெண்டு பிறந்தான். அதோட எல்லாம் முடிஞ்சுது எண்டுதான் இருந்தன்.

இப்ப அவனுக்கு ஒண்டேகால் வயசு. பெட்டியை அவன் கண்ணாலயும் காணேல்லை. எங்கட வீட்டில வெத்திலை போடுற ஆள் ஒருத்தரும் இல்லை, பெட்டி நிண்ட சுவரோரமும் வெறும் நிலம்தான். போன மாசம் தொடக்கம் பின்னேரம் மூண்டு மணிபோலத் தத்தித் தத்தி அந்தச் சுவரடிக்குப் போறான். இடக்கையில ரெண்டு விரலை உதட்டில வைக்கிறான், தலையைச் சரிக்கிறான், புளிச்செண்டு துப்புறான். சுதா விழுந்து விழுந்து சிரிக்கிறா, போனில வீடியோ எடுத்து ஓமந்தைக்கு அனுப்புறா.

துடைக்கிறது நான்தான். அவவை விடுறேல்லை. ஒவ்வொரு நாளும் குனிஞ்சு, முதல் நிறத்தைப் பாத்திட்டுத்தான் துடைக்கிறன்.